ஜிஞ்சாவின் சர்க்கரை வாரிசு

சர்க்கரை ஆலை முதலாளியின் பிள்ளை என்றாலே நம் மனத்தில் ஒரு படம் வந்துவிடும். பெரிய பங்களா, வாசலில் கார்கள், கணக்குப்பிள்ளை நீட்டிய இடத்தில் ஒரு கையெழுத்து. அப்பா சேர்த்ததை அனுபவிக்க என்ன கஷ்டம் என்று நானும் நினைத்ததுண்டு. உகாண்டா நாட்டு மாத்வானி குடும்பத்தின் வரலாற்றைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியது. குஜராத்துக்குப் பிழைக்க வந்த நாம், குஜராத்திலிருந்து பிழைக்கப் போனவர்களின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லதுதானே!

போர்பந்தர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1908 வாக்கில் கப்பலேறிய சிறுவன் முல்ஜிபாய் மாத்வானி. உறவினர் கடையில் வேலை பழகி, பிறகு தாமே வியாபாரியானார். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் ஊர் ஜிஞ்சா. அதன் அருகே காகிரா என்னுமிடத்தில் நிலம் வாங்கிக் கரும்பு நட்டு, 1930இல் ஆலையை ஓடவிட்டார். அதே 1930இல் ஜிஞ்சாவில் பிறந்த மகன்தான் மனுபாய். ஆலையும் பிள்ளையும் ஒரே வயது!

கரும்புத் தொழிலின் சுபாவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாற்றிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகும். ஆகவே வயலும் ஆலையும் ஒட்டியே இருக்கவேண்டும். வெட்டாள், வண்டி, கொதிகலன் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடவேண்டும். காகிராவில் ஆலையைச் சுற்றி வீடு, பள்ளி, மருத்துவமனை என ஓர் ஊரே எழுந்தது இதனால்தான். துணிக்கடைக்காரர் ஆபத்து வந்தால் சரக்கை மூட்டை கட்டிவிடலாம். கரும்புக்காரர் எதை மூட்டை கட்டுவார்?

முல்ஜிபாய் 1958இல் மறைந்தார். மூத்த மகன் ஜயந்த் பொறுப்பேற்று எஃகு, துணி, கண்ணாடி என்று தொழிலை விரித்தார். 1970 மே மாதம் அதிபர் ஒபோட்டே பெரிய நிறுவனங்களில் 60 சதவீதப் பங்கு அரசுக்கே என்று அறிவித்தார். 1971 ஜனவரியில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டு புதுதில்லி வந்திருந்த ஜயந்த் மாரடைப்பால் காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சுமை மனுபாய் தலையில் விழுந்தது.

1972 ஆகஸ்டில் ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்றார் அமீன். மனுபாயைப் பிடித்து மகிண்டே இராணுவச் சிறையில் அடைத்தார்கள். சில வாரங்களுக்குப் பின் விடுதலையாகி லண்டன் போய்ச் சேர்ந்தார். நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவருக்கே அந்தக் கதி! இதே குடும்பத்து மயூர் மாத்வானியைத்தான் ஹிந்தி நடிகை மும்தாஜ் 1974இல் மணந்தார். பத்திரிகைகளில் நாம் பார்த்ததெல்லாம் கல்யாணப் படங்கள்தான். பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலாளி போனார், ஆலை மக்களுடையதாயிற்று என்று கதை முடியவில்லை. உதிரி பாகமும் நிர்வாகமும் இல்லாமல் ஆலை படிப்படியாக நின்றது. சர்க்கரை ஏற்றுமதி செய்த நாட்டில் 1980களின் தொடக்கத்தில் சர்க்கரையே அரிதாயிற்று. அமீன் 1979இல் வீழ்ந்தார். மனுபாய் திரும்பி வந்தபோது பார்த்தது புதர் மண்டிய வயல்களையும் துருப்பிடித்த இயந்திரங்களையும்தான். அரசுடன் கூட்டாக, சர்வதேசக் கடன் பெற்று, 1985 முதல் காகிரா மறுபடி உயிர் பெற்றது. 2000இல் அரசின் பங்கையும் குடும்பமே வாங்கிக்கொண்டது. கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுத்து நாட்டுக்கு விற்கும் அளவுக்கு ஆலை வளர்ந்தது. மனுபாய் தம் வாழ்க்கையை நூலாக எழுதிவிட்டு, 2011இல் லண்டனில் மறைந்தார்.

இவர் தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. கரும்புக்கு நிலம் வேண்டும். நிலம் அந்நாட்டு மக்களுடையது. 2007இல், நாஞ்சி காளிதாஸ் மேத்தாவின் வழிவந்த இன்னொரு குஜராத்தி குழுமத்தின் கரும்புக்காக மபீரா காட்டில் ஒரு பகுதியைக் கொடுக்க அரசு முனைந்தது. கம்பாலாவில் கலவரம் வெடித்து, ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இந்தியர் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார். பெரிய முதலாளி மேல் வந்த கோபம் சாமானியன் தலையில் இறங்கியது. பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் நினைவில் வைக்கவேண்டிய பாடம் இது.

இருந்தாலும் ஒன்று என்னை யோசிக்க வைக்கிறது. லண்டனிலேயே சுகமாக இருந்திருக்கலாம். சிறை வைத்த நாட்டுக்கு ஏன் திரும்பினார்? பணத்துக்காக மட்டும் என்றால் வேறு இடங்கள் இருந்தன. காகிரா அவருக்கு அப்பா விட்டுப்போன சொத்து மட்டுமல்ல, பிறந்து வளர்ந்த மண். வந்த இடத்தை எப்போது 'நம்ம ஊர்' என்கிறோம்? நாம் சொன்னால் மட்டும் போதுமா, ஊரும் நம்மை அப்படிச் சொல்லவேண்டாமா? வெளியூரில் வீடு கட்டிக் குடியேறிய நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.