உலாவியில் உள்ள கடவுச்சொற்களைப் பாதுகாப்பாக இடம் மாற்றுவது எப்படி?

புலம்பெயர்ந்த நம் வீடுகள் பலவற்றில் அப்பா, அம்மாவின் வங்கி, வரி, ஓய்வூதியம், குடிவரவு எனச் சகல கணக்குகளின் கடவுச்சொற்களும் ஒரே கணினியின் உலாவியில் கிடக்கின்றன. இந்நாட்டு மொழி தெரிந்த பிள்ளை பதிந்து வைத்தவை அவை. அந்தப் பிள்ளை மணமுடித்து வேறு நகரம் போகும்போதோ, பழைய மடிக்கணினியை ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பும்போதோ அவற்றை வெளியே எடுக்க வேண்டி வருகிறது.

கணக்குத் துறையில் உள்ள நாம் அறிந்த ஒன்று: பணம் பெட்டகத்தில் இருக்கும்போதைவிட வழியில் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கடவுச்சொல்லும் அப்படித்தான். உலாவி ஏற்றுமதி செய்து தருவது சி.எஸ்.வி. எனும் சாதாரண எழுத்துக் கோப்பு. இணைய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கும். பூட்டு எதுவும் இல்லை. ஆகவே அந்தக் கோப்பின் ஆயுள் சில நிமிடங்களே இருக்க வேண்டும்.

1. முதலில் சேரும் இடத்தைத் தயார் செய்யுங்கள். பிட்வார்டன், கீபாஸ் எக்ஸ்.சி. போன்ற கடவுச்சொல் பெட்டகங்களை இலவசமாகவே பயன்படுத்தலாம். அதன் முதன்மைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

2. சொந்தக் கணினியில் மட்டும் செய்யுங்கள். குரோமில் கூகுள் பாஸ்வேர்ட் மனேஜரின் அமைப்புகளிலும், பயர்பாக்ஸில் கடவுச்சொல் பக்கத்தின் மூன்று புள்ளிப் பட்டியலிலும் ஏற்றுமதி வசதி உண்டு.

3. கோப்பைச் சேமிக்கும் இடத்தைக் கவனியுங்கள். 'டெஸ்க்டொப்', 'டொக்கியூமென்ட்ஸ்' கோப்புறைகள் பல கணினிகளில் தாமாகவே ஒன்டிரைவுக்கோ ஐகிளவுட்டுக்கோ பிரதியாகிவிடும்.

4. எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். எண்கள் மட்டுமே கொண்ட கடவுச்சொல்லின் முன்னால் உள்ள பூச்சியம் மறைந்துவிடும். சமன் குறியில் தொடங்குவதை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும்.

5. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாதீர்கள். பிரதி இரு பக்கமும் தங்கிவிடும்.

6. பெட்டகத்தில் இறக்குமதி செய்ததும் மின்னஞ்சல், வங்கி, வரிக் கணக்குகளுக்குள் அங்கிருந்தே நுழைந்து சரிபாருங்கள். பாஸ்கீகளும், கைத்தொலைபேசிச் செயலி தரும் இரண்டாம் கட்டக் குறியீடுகளும் இந்தக் கோப்பில் வராது. அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும்.

7. பின்னர் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்குங்கள். மேகச் சேமிப்புக்கும் தனிக் குப்பைத்தொட்டி உண்டு.

8. கடைசியாகவே உலாவியில் உள்ளவற்றை அழியுங்கள். ஒத்திசைவு இயங்கினால், ஓரிடத்தில் அழிப்பது அதே கணக்கிலுள்ள மற்றக் கருவிகளிலும் அழிந்துவிடும். கணினியைக் கைமாற்றுவதானால் கணக்கிலிருந்து வெளியேறி, அதை முழுமையாக மீளமைத்த பின் கொடுங்கள்.

கோப்பு பிறர் கைக்குப் போனதாகச் சந்தேகம் வந்தால் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் இணைப்புகள் அங்கேதான் வருகின்றன. அடுத்து வங்கி, அதன் பின் மற்றவை.