வாய்வழி கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கிக் குண்டுகள்: விரிவும் ஊடுருவலும் சோதிக்கப்பட்ட வரலாறு

கருமருந்தையும் குண்டையும் குழலின் முன்வாய் வழியாகப் போட்டு, கோலால் இடித்து இறக்கிச் சுடுவது வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். இதிலிருந்து புறப்படும் வேட்டைக் குண்டு விலங்கின் உடலில் எவ்வளவு ஆழம் போகிறது, போகும் வழியில் எவ்வளவு அகலமாக விரிகிறது என்ற இரண்டையும் அளந்து பார்ப்பதே இங்கே சொல்லப்படும் சோதனை. அதிகம் விரியும் குண்டு சீக்கிரம் நின்றுவிடும். விரியாத குண்டு குறுகிய துளையைப் போட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். அடிபட்ட விலங்கு சில நொடிகளில் விழுமா, காயத்தோடு காட்டில் அலைந்து சாகுமா என்பது இந்த இரண்டும் எந்த அளவில் சேர்கின்றன என்பதைப் பொறுத்தது. வேட்டைக்காரர்கள் இந்தச் சோதனையில் காட்டும் அக்கறைக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

குண்டின் வேகத்தை முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் வெளிவந்த அவருடைய பீரங்கியியல் நூல், கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் சுட்டு, அது எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் முறையை விளக்கியது. விட்டமும் அடர்த்தியும் ஒன்றாக உள்ள குண்டுகள் ஒரே பொருளுக்குள் புகும் ஆழம், ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கேற்ப மாறும் என்பதையும் அவர் சொன்னார். ஊடுருவலைக் கணக்குக்குள் கொண்டுவந்த முதல் விதிகளில் ஒன்று இது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகச் சோழமண்டலக் கரைக்கு வந்த ராபின்ஸ், 1751 ஜூலையில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்தார்.

மரத்தில் சுட்டால் ஆழம் தெரியும். உடலுக்குள் குண்டு என்ன ஆகும் என்பது தெரியாது. அந்தக் கேள்வி கூர்மையானது 19-ஆம் நூற்றாண்டில், குண்டின் வடிவம் மாறத் தொடங்கியபோதுதான். பிரிட்டிஷ் படையின் கேப்டன் ஜான் நார்ட்டன், 1820-களில் அடிப்பகுதி குடைவான நீள்குண்டு ஒன்றை வடிவமைத்தார். தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் அடியிலிருந்த மெல்லிய நெட்டி, ஊதியதும் விரிந்து குழலை அடைத்துக்கொண்டதைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் குண்டை அரசு ஏற்கவில்லை. பிரான்சின் க்ளோட் எத்தியேன் மினியே 1849-இல் கொண்டுவந்த குண்டு இதே அடிப்படையில் அமைந்து உலகமெங்கும் பரவியது. வெடிப்பின் அழுத்தத்தில் அதன் அடிப்பகுதி விரிந்து, குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய வரிப்பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும்.

இங்கேதான் வாய்வழித் துப்பாக்கிக்கே உரிய சிக்கல் பிறந்தது. குண்டு தளர்வாக இறங்கவும் வேண்டும், சுடும்போது குழலை நிறைக்கவும் வேண்டும் என்றால் ஈயம் மென்மையாக இருந்தாக வேண்டும். அதே மென்மை விலங்கின் உடலுக்குள் குண்டின் முனையை நசுக்கி விரிக்கும். மான் வேட்டைக்கு அது நல்லது. யானையின் மண்டையோட்டுக்கு முன் அது பயனற்றது. குழலுக்காகத் தேர்ந்த உலோகம், இலக்கில் நடப்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது.

இதை வேட்டைக்களத்திலேயே ஆராய்ந்தவர்களில் சாமுவேல் பேக்கர் முக்கியமானவர். இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய அவர், பிரிஸ்டலின் கிப்ஸ் தொழிலகத்தில் 1840-இல் செய்வித்த துப்பாக்கியின் எடை 21 பவுண்டு. ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து (ஏறக்குறைய 28 கிராம்), 3 அவுன்ஸ் எடையுள்ள பட்டை வைத்த உருண்டைக் குண்டு. பட்டை வரிப்பள்ளத்தில் பொருந்திக்கொள்வதால் குண்டு குழலுக்குள் விரியத் தேவையில்லை. தேவைப்பட்டால் ஈயத்தைக் கடினமாக்கிக்கொள்ளலாம். மத்திய இந்தியக் காடுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத் 1860-களின் தொடக்கத்தில் எழுதிய நூலில் நீள்குண்டை விட்டு உருண்டைக் குண்டுக்கே திரும்பினார். வரிப்பள்ளம் 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழன்றால் மருந்தை அதிகமாக்கலாம், பெரிய விட்டமுள்ள குண்டு நேராகப் பாய்ந்து அகலமான காயம் தரும் என்பது அவர் வாதம். பேக்கர் 1890-இல் எழுதிய நூலில், மெல்லிய தோலுள்ள விலங்குகளுக்குத் தூய ஈயக் குண்டு காளானாக விரிந்து மறுபக்கத் தோலுக்கடியில் நின்றுவிட வேண்டும், அப்போதுதான் அதன் விசை முழுவதும் உடலுக்குள் செலவாகும் என்றார். குண்டு வெளியேறினால்தான் ரத்தத் தடம் பார்த்துப் பின்தொடர முடியும் என்பது எதிர்த்தரப்பு. கருமருந்துப் புகையில் விலங்கு விழுந்ததா ஓடியதா என்றே சில கணம் தெரியாது. ஆகவே வாய்வழித் துப்பாக்கிக்கு வெளியேறும் காயம் கூடுதலாகப் பயன்படும் என்றே தோன்றுகிறது. ஆனால் இவர்களுடைய ஆய்வுக்கூடம் செத்த விலங்கின் உடல். ஒவ்வொரு உடலும் குண்டு பட்ட கோணமும் வேறு வேறு என்பதால், இருவர் சொன்னதை ஒப்பிட வழியே இருக்கவில்லை.

ஒரே சீரான பொருளில் சுட்டுப் பார்க்கும் வழக்கம் அறுவை மருத்துவர்களிடமிருந்து வந்தது. தைராய்டு ஆய்வுக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் மருத்துவர் தியோடர் கோக்கர், அதற்கு முன்பே சோப்பு முதலிய பொருள்களில் சுட்டுக் காயங்களை ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரின்ஸ்டனில் நியூட்டன் ஹார்வியின் குழு, 20 சதவீத ஜெலட்டினில் குண்டு புகும்போது உண்டாகும் தற்காலிகக் குழிவை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், 1980-களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் 10 சதவீத ஜெலட்டினை 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டு, கிடைத்த ஊடுருவலைப் பன்றியின் தசையோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்.

இந்த முறையின் மதிப்பு அதன் கண்டிப்பில் இருக்கிறது. ஒரு பங்கு ஜெலட்டின் தூள், ஒன்பது பங்கு தண்ணீர். கரைக்கும்போது சூடு 40 டிகிரியைத் தாண்டினால் கட்டியின் வலு குறைந்துவிடும். குளிர வைத்த கட்டியை வெளியே எடுத்தவுடன், 0.177 அங்குல எஃகு மணி ஒன்றை நொடிக்கு ஏறக்குறைய 590 அடி வேகத்தில் அதில் சுட வேண்டும். மணி 8.5 சென்டிமீட்டர் அளவில் நின்றால்தான் கட்டி சரியானது. அதன் பிறகே வேட்டைக் குண்டு. நின்ற இடம்வரை ஆழத்தை அளந்து, குண்டை அறுத்தெடுத்து, கழுவி, குறுக்கும் நெடுக்கும் விட்டம் பார்த்து, எஞ்சிய எடையைச் சுடுமுன் இருந்த எடையோடு ஒப்பிடுவார்கள். மணி சோதனை இல்லாமல் வெளியிடப்படும் ஆழக் கணக்கை அதிகம் நம்ப வேண்டியதில்லை. தண்ணீர்க் குடுவை வரிசையும் ஊறவைத்த செய்தித்தாள் கட்டும் குண்டு எப்படி விரிகிறது என்பதைக் காட்டும்; ஆனால் தண்ணீரில் குண்டு ஜெலட்டினைவிட வெகுதூரம் போகும் என்பதால், அங்கே கிடைக்கும் ஆழத்தை உடலுக்குப் பொருத்தக் கூடாது.

1985-இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 துப்பாக்கியோடு அமெரிக்காவில் வாய்வழி வேட்டைக்குப் புதுக்காலம் தொடங்கியது. 0.50 அங்குலக் குழலில் 0.45 அங்குலக் கைத்துப்பாக்கிக் குண்டைப் பிளாஸ்டிக் உறையில் பொதிந்து சுடும் ‘சபோ’ முறை பரவியது. குழலை நிறைக்கும் வேலையை உறை ஏற்றுக்கொண்டதால், குண்டு எந்த உலோகமாகவும் இருக்கலாம் என்றாயிற்று. மினியே காலத்துத் தளை அறுந்தது. கூடவே புதுத் தொல்லையும் வந்தது. கைத்துப்பாக்கியின் வேகத்துக்கென்று செய்த குண்டு, 150 கிரெய்ன் மருந்தின் வேகத்தில் மிகையாக விரிந்தோ சிதறியோ ஆழம் போகாமல் நின்றுவிடக்கூடும். இதற்கு மாறாக, பார்ன்ஸ் நிறுவனத்தின் செப்புக் குண்டு ஆறு இதழாகப் பிரிந்தும் எடையைப் பெரும்பாலும் இழப்பதில்லை.

வாய்வழித் துப்பாக்கியின் குண்டைச் சோதிப்பவர் எந்தத் தூரத்தில் சுடுகிறார் என்பது முக்கியம். 0.490 அங்குல உருண்டை ஈயக் குண்டின் எடை ஏறக்குறைய 177 கிரெய்ன், அதாவது 11.5 கிராம். அது குழலைவிட்டு மிகுந்த வேகத்தில் கிளம்பினாலும் 100 கஜம் போவதற்குள் ஆற்றலில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். மூன்று கஜத்தில் ஜெலட்டினில் நாணயமாய்த் தட்டையாகும் குண்டு, 100 கஜத்தில் பாதி உருண்டையாகவே நிற்கலாம். மருந்தைக் குறைத்துத் தொலைதூர வேகத்தைப் போலியாக உண்டாக்கலாம் என்றால், மினியே வகைக் குண்டின் அடி சரியாக விரியாமல் குறி பிசகும். வேட்டை நடக்கும் தூரத்திலேயே கட்டியை வைத்துச் சுடுவதுதான் சரி.

எந்தக் குண்டைச் சுடலாம் என்பதைச் சில இடங்களில் சட்டமும் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டுள்ளது. கொலராடோவில் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் சபோ கூடாது. ஈயம் கூடாத இடத்தில் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்கள் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உருண்டைகளை வார்க்கிறார்கள். பிஸ்மத்தின் அடர்த்தி 9.8, ஈயத்தினுடையது 11.3. ஆகவே அதே விட்டத்தில் குண்டு இலேசாகி வேகத்தை இன்னும் சீக்கிரம் இழக்கும். பிஸ்மத் நொறுங்கும் தன்மையுள்ளது. ஈயத்தைப் போல நசுங்கி விரியாது. ஈய உருண்டைக்குப் பழகிய தூரத்தை இந்தக் குண்டுகளுக்கு அப்படியே வைத்துக்கொள்ளாமல், கட்டியில் சுட்டுப் பார்த்துப் புதிதாக வகுத்துக்கொள்ள வேண்டும்.