உத்தரவு

மலேசியாவின் பாடாங் செராய்ப் பக்கத்துப் பால்மரத் தோட்டங்களில் உத்தரவு போட்டவர் துரை. கேட்டு நடந்தவர் தொழிலாளி. ஆனால், படுத்த படுக்கையான தாய்க்கு ஆப்பரேஷன் செய்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் தவிக்கும்போது, "சாமிகிட்ட உத்தரவு கேட்டாச்சா?" என்றால், அங்கே யாரும் ஆணையைக் கேட்கவில்லை.

பதிலைத்தான் கேட்கிறார்கள். 'உத்தர' என்ற வடசொல்லுக்கு உள்ள பொருள்களில் ஒன்று மறுமொழி. தமிழுக்கு வந்தபின் கட்டளை, அனுமதி என்ற பொருள்கள் மேலோங்கிவிட்டன. நம் 'விடை'க்கும் இப்படி மறுமொழி, அனுமதி என்ற இரு பொருளும் உண்டு: கேள்விக்கும் விடை, விருந்தாளி புறப்படவும் விடை.

கேட்கும் முறை எளிது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் பெரும்பாலும் சம்மதம். குழந்தையை எடுக்கச் சொல்வதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு: அண்ணன் சொன்னான், தம்பி தடுத்தான் என்ற பழி நாளைக்கு யார் தலையிலும் விழாது.

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில், பக்தரின் கனவில் வந்த பொருளையும் இப்படிப் பூப்போட்டு உத்தரவு கேட்டுத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். மண், தண்ணீர் என்று எதுவும் வரலாம். பெட்டியின் பெயரே 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி'.