அழித்தெழுதும் நினைவகம் பிறந்த வரலாறு

சலவைப் பொறியிலும் நிறுக்கும் கருவியிலும் உள்ளடங்கி நின்று அவற்றை இயக்கும் சிறு சில்லை நுண்கட்டுப்படுத்தி என்பர். அதற்கு இருவகை நினைவு வேண்டும். கணக்கிடும்போது தோன்றும் எண்களைக் குறித்துக்கொள்ள ஒன்று. இது கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றதும் துடைபட்டுப் போகும். இதன் பெயர் ராம். மற்றொன்று, செய்யவேண்டிய கட்டளைகளை வரிசையாகத் தாங்கி, மின்சாரம் இல்லாதபோதும் மறவாதிருப்பது. இவ்விரண்டாம் நினைவின் வரலாறு சுவையானது.

தொடக்கத்தில் கட்டளைகள் தொழிற்சாலையிலேயே சில்லோடு சேர்த்து அமைக்கப்பட்டன. 1974இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்பனைக்கு விட்ட டிஎம்எஸ் 1000 இத்தகையதே. ஒரு கட்டளை பிழைத்தால், கல்லில் வெட்டிய பிழைபோல அது நிலைத்துவிடும். செய்த சில்லுகள் அனைத்தும் வீண். ஆதலின் ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களுக்கன்றிப் பயிலும் மாணவனுக்கு அங்கே இடமில்லை.

இதை மாற்றும் வழி அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் மிதவை வாயில் என்னும் கருத்தை வெளியிட்டனர். காப்புப் படலத்தால் நாற்புறமும் சூழப்பட்ட சிறு பகுதி ஒன்றில் எலெக்ட்ரான்களை வலிந்து புகுத்தினால், கதவில்லா அறையில் அடைபட்டவர்போல் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அவை இருப்பதும் இல்லாததுமே எழுத்து. இன்டெல் நிறுவனத்தில் சில்லுக் கோளாறு ஒன்றை ஆராய்ந்த டோவ் புரோமன், 1971இல் இம்முறையிலேயே 256 பைட் கொண்ட 1702 என்னும் சில்லை உருவாக்கினார். (ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தைத் தாங்கும் இடம்.) அதன் முதுகில் குவார்ட்ஸ் பலகணி ஒன்று உண்டு. அதன் வழியே புற ஊதா ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் அடைபட்ட எலெக்ட்ரான்கள் வலுப்பெற்று வெளியேறும்; எழுதியது முழுதும் அழியும். ஓரெழுத்தை மட்டும் திருத்த இயலாது என்பது உண்மையே. எனினும் பிழை செய்யும் உரிமை அன்றுதான் கிடைத்தது. 1976இல் வந்த 8748 என்னும் நுண்கட்டுப்படுத்தி இப்பலகணியைத் தானே பெற்றிருந்தது.

ஒளியை விடுத்து மின்சாரத்தாலேயே பகுதி பகுதியாக நொடியில் அழிக்கும் பிளாஷ் நினைவகத்தை ஜப்பானியரான புஜியோ மசுவோக்கா 1984இல் அறிவித்தார். உரிய ஊதியம் வேண்டித் தாம் பணிபுரிந்த தோஷிபா மீது அவர் பின்னர் வழக்குத் தொடுக்க நேர்ந்தது; 2006இல் 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்கு இணங்கினார். உலகெங்கும் பரவிய கண்டுபிடிப்புக்கு இது சிறு தொகையே.

இன்று மாணவர் பலர் முதலில் கையாளும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் சில்லில் கட்டளைகளுக்கு 32 கிலோபைட் பிளாஷும், எண்களுக்கு 2 கிலோபைட் ராமும் உள்ளன. இவற்றோடு, அணைத்த பின்னும் நிலைக்கவேண்டிய குறிப்புகளுக்கு ஈப்ராம் என்னும் 1 கிலோபைட் இடமும் உண்டு. ஈப்ராமின் ஒவ்வோரிடமும் இலட்சம் முறை எழுதுவதற்கே உறுதி பெற்றது. ஒருமுறை எழுத ஆகும் நேரமோ ஒரு நொடியில் முந்நூற்றில் ஒரு பங்கு. புதிதாய்ப் பயில்வோன் அக்கட்டளையை ஓயாது சுழலும் வரிகளுக்குள் வைத்துவிட்டால், அந்த இலட்சமும் ஆறு நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். மதிப்பு மாறியதா என்று பார்த்து, மாறியிருந்தால் மட்டும் எழுதுமாறு ஒரு நிபந்தனை வரியைச் சேர்த்தால் அதே சில்லு பல்லாண்டு உழைக்கும்.