பிளக்கின் மூன்றாவது கால்



உங்கள் குசினிச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைச் சற்றுப் பாருங்கள். மூன்று துளைகள் இருக்கும். இரண்டு கால் மட்டுமே உள்ள பிளக் அதில் எளிதில் நுழையாது. மேல் துளையில் பேனா மூடியையோ குச்சியையோ விட்டு அழுத்திக்கொண்டு, கீழே பிளக்கைச் செருகுவது நம்மில் பலருக்குக் கைவந்த வித்தை. நானும் செய்தவன்தான். அந்தத் துளை ஏன் அப்படி அடம்பிடிக்கிறது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

மலாயாவுக்கு மின்சாரம் அடுப்படியைத் தேடி வரவில்லை. 1894-ஆம் ஆண்டில் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்சார இயந்திரம் வைத்தார்கள். நம்மவர் ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. மறு ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. தோட்டத்து லயங்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. வந்த பிறகும், பல தோட்டங்களில் மாலை நேரத்தில் சில மணி நேரந்தான் இயந்திரம் ஓடும். வீட்டுக்கு ஒன்றிரண்டு பல்பு எரியும். சமையலுக்கு விறகடுப்பு, அரைக்க அம்மி. பிளக் பாயிண்டுக்கு அங்கே என்ன வேலை?

1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. கம்பிகள் மெல்ல மெல்ல உள்நாட்டுக்கும் போயின. இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், மாவரைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. ஆனால் வயரிங்கோ விளக்குக்காகப் போட்டது! பல்பு ஹோல்டரிலிருந்தே கம்பி இழுத்து இஸ்திரி போட்டவர்களும் உண்டு.

இனி அந்த மூன்று துளைக்கு வருவோம். அது பிரிட்டனில் பிறந்தது. அங்கே முன்பு உருண்டைக் கால் பிளக்குகள் பல அளவுகளில் இருந்தன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் கட்டப்போகும் வீடுகளுக்கு மின்சாரம் எப்படி இருக்கவேண்டும் என்று ஆராய 1942-இல் ஒரு குழு கூடியது. இருபது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். அவர் பெயர் கெரோலின் ஹாஸ்லெட். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஆபத்தில்லாத பிளக் பாயிண்ட் வேண்டும் என்பது அக்குழு வகுத்த தேவைகளில் ஒன்று. அதன் பயனாக 1947-இல் வெளியான தர விதிதான் நாம் இன்று பயன்படுத்தும் 13 ஆம்பியர் பிளக்.

இதில் கீழ் இரண்டு துளைகளுக்குள்ளும் சிறு மறைப்பு இருக்கிறது. மேல் கால் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் நுழைந்து மறைப்பைத் திறந்துவிடும். பிள்ளை கீழ்த் துளையில் கொண்டை ஊசியை விட்டாலும் மறைப்பு தடுத்துவிடும். நாம் மேலே பேனா மூடியை விடும்போது, அந்தக் கதவை நாமே திறந்து வைக்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் வழி காட்டிவிடுகிறோம்.

அந்த நீளக் காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் எர்த். இரும்பு உடம்புள்ள சாமானில் மின்சாரம் கசிந்தால், அதைப் பூமிக்குக் கொண்டுபோவது பச்சை வயர். இக்காலத்து வயரில் அது பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும். எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டியைத் தொட்டால் "சுள்"ளென்று இருக்கும். அம்மா அதற்காகவே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு திறக்கப் பழகிவிட்டார். பின்னர் வயர்மேன் வந்து பிளக்கைக் கழற்றினார். பச்சை வயரை யாரோ வெட்டி விட்டிருந்தார்கள். இரண்டு வயரிலேயே பெட்டி ஓடுகிறதே, மூன்றாவது எதற்கு என்ற நினைப்பு.

ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபியூஸ் காப்பது வயரை, மனிதனை அன்று. 13 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் அது உருகும். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் உயிரைக் குடிக்க அதில் சிறு துளி போதும். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமில்லை என்றால் உடனே துண்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இதற்காகவே வந்தது. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கும், கையில் பிடித்து வேலை செய்யும் சாமான்களுக்கு 30 மில்லி ஆம்பியருக்கும் மேற்படாத சுவிட்ச் வேண்டும் என்கின்றன. புதிய வயரிங்கைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் மேற்பார்த்து, சோதித்து, சான்றிதழ் தரவேண்டும் என்பதும் விதி. கூலி குறைவு என்று பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டால் அந்தத் தாளை யார் தருவார்?

மெயின் சுவிட்ச் பெட்டியில் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருந்தால், அதில் 'டி' என்ற எழுத்துடன் சிறு பித்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழவேண்டும். விழவில்லையானால் அன்றே வயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.