திட்டத்திற்கு முன் ஆய்வு: நவீன நகர, பிரதேசத் திட்டமிடலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நகரங்களைத் திட்டமிட்டு அமைத்தல் மனித வரலாற்றிற்குப் புதியதன்று. மொகஞ்சதாரோவின் நேரிய வீதிகளும் வடிகால்களும், கோயிலை நடுவாகக் கொண்டு சதுரஞ் சதுரமாக விரியும் மதுரையின் வீதிகளும் இதற்குச் சான்று பகர்வன. எனினும் நவீன நகரத் திட்டமிடல் என்று நாம் இன்று வழங்கும் துறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கைத்தொழிற் புரட்சி ஈன்ற நகரங்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தமையினால் எழுந்ததாகும். இத்துறையின் வரலாற்றைப் பொதுவாக வரைபடங்களின் வரலாறாகவே எழுதுவர். நகரம் நோயுற்றிருக்கிறது என்பதில் எல்லாத் திட்டக்காரரும் ஒருமித்தனர். அந்நோயை அவர்கள் எவ்வாறு அறிந்தனர், அறியும்போது நகரில் வாழ்ந்த மக்களைக் கேட்டனரா என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் இங்கிலாந்தை நோக்குவோம். 1831 ஆம் ஆண்டு வாந்திபேதி அந்நாட்டினுட் புகுந்தது. பதினோராண்டுகளின் பின், 1842 இல், எட்வின் சாட்விக் தொழிலாள மக்களின் சுகாதார நிலை பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டார். அதிற் காணப்பட்ட எண்கள் அக்காலத்தவரைத் திடுக்கிடச் செய்தன. மான்செஸ்ரர் நகரில் இறந்தோரின் சராசரி வயது, உயர்தொழில் புரிந்தோர் குடும்பங்களில் 38 ஆகவும், தொழிலாளர் குடும்பங்களில் 17 ஆகவும் இருந்தது. கிராமப் பகுதியான றட்லண்டில் கூலித் தொழிலாளரின் சராசரியே 38 ஆகும். அஃதாவது, மான்செஸ்ரர்ச் செல்வர் அடைந்த ஆயுளைக் கிராமத்து ஏழை எளிதில் அடைந்தான். வறுமையோடு வாழிடமும் மனிதரைக் கொல்லும் என்பது இவ்வாறு எண்களால் நிறுவப்பட்டது. 1848 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இதன் விளைவாகும்.

ஆயினும் சாட்விக்கின் ஆய்வில் ஒரு பெருங்குறை இருந்தது. துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்ற அக்காலக் கொள்கையை அவர் உறுதியாக நம்பினார். எனவே லண்டன் வீடுகளின் மலக்குழிகளும் வடிகால்களும் தேம்ஸ் ஆற்றினுட் கழுவிவிடப்பட்டன. அவ்வாற்று நீரையே நகர மக்களிற் பெருந்தொகையினர் அருந்தினர். நீரே வாந்திபேதியைக் காவுகிறது என்பதை 1854 இல் ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்துக் காட்டினார். நல்லெண்ணமும் அரசாங்க அதிகாரமும் ஒருங்கே இருந்தும், நோயறிதல் பிழைத்தமையால் சிகிச்சையே குடிநீரை நஞ்சாக்கிற்று. திட்டமிடலின் வரலாறு தொடக்கத்திலேயே நமக்குப் புகட்டும் பாடம் இது.

இங்கிலாந்து சட்டத்தினால் நாடிய தீர்வைப் பிரான்சு கடப்பாரையினால் நாடியது. 1853 முதல் 1870 வரை பாரிஸ் நகரை நிர்வகித்த ஓஸ்மான், மூன்றாம் நெப்போலியனின் ஆதரவுடன், பழைய நகரின் நெருங்கிய குடியிருப்புகளை ஊடறுத்து அகன்ற பெருவீதிகளை அமைத்தார். கழிவுநீர்க் கால்வாய்களும் குடிநீர் வசதியும் பூங்காக்களும் உருவாயின. இவை பாரிஸ் மக்களுக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்த ஏழைகளோ உயர்ந்த வாடகையைக் கொடுக்க இயலாது நகரின் விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டனர். இம்முறையினால் சேரிகள் ஒழிவதில்லை, இடம் மாறுகின்றன என்று 1872 இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கல்ஸ் சுட்டிக்காட்டினார். ஓஸ்மானின் வீதிகளை வியந்து போற்றுவோர் இவ்விமர்சனத்தையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது வழியைக் காட்டியவர் எபனேசர் ஹவார்ட். அவர் கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ அல்லர்; பாராளுமன்ற உரைகளைச் சுருக்கெழுத்தில் எழுதிப் பிழைத்தவர். 1898 இல் அவர் வெளியிட்ட நூல், 6,000 ஏக்கர் நிலத்தில் 32,000 மக்கள் வாழும் பூங்கா நகரம் ஒன்றினைக் கற்பனை செய்தது. அந்நிலத்தில் 1,000 ஏக்கரே நகரம், எஞ்சியது வேளாண்மைக்குரியது. நிலம் முழுவதும் நகரத்தாரின் பொது நன்மைக்காகப் பேணப்படும். நகரம் வளர நிலத்தின் மதிப்பிலே தோன்றும் பெருக்கம் தனியாரைச் சேராது சமூகத்தைச் சேரும். பூங்கா நகரம் என்றதும் மரங்களையும் மலர்களையும் மாத்திரம் நினைப்போர் அத்திட்டத்தின் உயிர்நாடியான இந்நிலப் பொருளாதாரத்தை மறந்துவிடுகின்றனர். 1903 இல் லெச்வேர்த் நகரம் தொடங்கப்பட்டபோது இக்கொள்கை முழுமையாக நிறைவேறவில்லை. அழகிய வீடுகளின் வாடகை திறனற்ற தொழிலாளருக்கு எட்டாததாக, அவர்களிற் பலர் அயற் கிராமங்களிற் குடியிருந்து நகருக்கு வேலைக்கு வந்தனர்.

இவ்விடத்திலேயே பற்றிக் கெடிஸ் முக்கியத்துவம் பெறுகிறார். 1854 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த கெடிஸ் ஒரு தாவரவியலாளர். டண்டிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் முப்பதாண்டுகள் பேராசிரியராக விளங்கியவர். உயிரினத்தை அதன் சூழலிலிருந்து பிரித்து அறிய முடியாது என்ற உயிரியலறிவையே அவர் நகரத்தின்மீது செலுத்தினார். எடின்பரோவின் பழைய நகரில், பாழடைந்த தொடர்மாடி வீடொன்றில், தம் மனைவியோடு ஏழைகளிடையே குடியேறி, அயலவருடன் கூடிச் சுவர்களுக்கு வெள்ளையடித்துத் தம் பணியைத் தொடங்கினார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்த பின்னரே திட்டம் வரையப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1914 இல் சென்னை மாகாண ஆளுநராகிய பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. நண்பர்கள் திரட்டியனுப்பிய புதிய பொருள்களைக் கொண்டு 1915 இல் சென்னையிற் கண்காட்சி நடைபெற்றது. பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைக் கால்நடையாகச் சுற்றி ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில், நெருக்கத்தைக் குறைப்பதற்காக நேர்கோட்டு வீதிகளை வெட்டும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டிருந்தது. கெடிஸ் அதனை ஏற்கவில்லை. இடிந்து பயனற்ற சில வீடுகளை மட்டும் அகற்றி, வெற்றிடங்களை இணைத்து, மரங்களை நட்டு, பெரும்பாலான குடும்பங்களை இருந்த இடத்திலேயே இருக்கவிடும் மாற்றுத் திட்டத்தை வரைந்தார். பேணும் சத்திரசிகிச்சை என்று அவர் அழைத்த முறை இதுவே. நுளம்புக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்த சுகாதாரப் பொறியியலாளரோடும் அவர் மாறுபட்டார். குளம் வெள்ளத்தைத் தாங்கும், காற்றைக் குளிர்விக்கும்; அதில் மீன்களையும் வாத்துகளையும் விட்டால் நுளம்பின் குடம்பிகளை அவை உண்டுவிடும் என்பது அவர் வாதம். கல்லாதார் என இகழப்பட்ட மக்களின் பழக்கவழக்கங்களிற் காரணம் இருக்கலாம் என்று தேடிய முதல் ஐரோப்பியத் திட்டக்காரருள் அவர் ஒருவர் எனலாம்.

நகரத்தைத் தனித்து நோக்காது, மலைச்சாரல் முதற் கடற்கரை வரையுள்ள ஆற்றுப்பள்ளத்தாக்கின் ஓர் உறுப்பாக நோக்கும் கெடிசின் பார்வையிலிருந்தே பிரதேசத் திட்டமிடல் கிளைத்தது. அவரைத் தம் குருவாகக் கொண்ட லூயிஸ் மம்போர்டும் தோழர்களும் 1923 இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். 1933 இல் நிறுவப்பட்ட தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை, ஏழு மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் ஆற்றுவடிநிலம் ஒன்றினை ஒரே அமைப்பின்கீழ்க் கொணர்ந்து, வெள்ளத்தை அடக்கி மின்சாரம் வழங்கியது. அதன் அணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டமையும் அவ்வரலாற்றின் பகுதியே. பிரித்தானியாவில் 1946 ஆம் ஆண்டின் புதிய நகரங்கள் சட்டத்தின்கீழ் 1949 வரையில் லண்டனைச் சூழ எட்டு நகரங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் முதலாவதான ஸ்ரீவனேஜில் வாழ்ந்த பழைய குடிகள், தம்மைக் கேளாது தம் ஊரை மாற்ற முயன்ற அமைச்சர் சில்கின்மீது சினங்கொண்டு, புகையிரத நிலையப் பெயர்ப்பலகையை ‘சில்கின்கிராட்’ என மாற்றிவிட்டனர். நல்ல நோக்குடைய அரசும் கேட்க மறந்தபோது நேர்ந்தது இது.

இவ்வரலாற்றுக்கு நம் நாடும் புறம்பானதன்று. 1915 இல் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இங்கு நிறைவேறியது. 1921 இல் கெடிஸ் கொழும்பு பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1946 இல் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1948 இல் அபர்குரோம்பியின் கொழும்புப் பிரதேசத் திட்டமும் தோன்றின. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் அமைப்பிலும் இவ்வறிஞரின் கை உண்டு. 1949 இல் தெனசியை முன்மாதிரியாகக் கொண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை எழுந்தது. அணையும் கால்வாயும் திறம்பட அமைந்த அப்பிரதேசத்திலேயே 1956 இல் இனக்கலவரத்தில் உயிர்கள் பலியாயின. நீரை அளந்த திட்டம் மக்களின் உறவை அளக்கவில்லை.

அண்மைக்கால அனுபவம் இரண்டையும் ஒப்புநோக்கலாம். 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தில், சேரிவாழ் மக்களுக்குக் கடனும் ஆலோசனையும் வழங்கி, அவர்களே கூடிப் பேசித் தம் வீடுகளைக் கட்ட அரசு துணைநின்றது. 2010 இன் பின்னர் கொழும்பில் பல ஆயிரம் குடும்பங்கள் உயர்ந்த மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. உறுதியான சுவரும் குழாய்நீரும் கிடைத்தமை நன்மையே. ஆயினும் வீட்டு வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்த பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாசல் ஏது? இவ்வினா ஓஸ்மானின் பாரிசிலும் லெச்வேர்த்திலும் எழுந்த அதே வினாவாகும்.

நகரத் திட்டமிடல் பெரும்பாலும் பொறியியலாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் உரிய துறையாகக் கருதப்படுகிறது. மேற்காட்டிய வரலாறோ, அதன் வெற்றியும் தோல்வியும் வரைபலகைக்கு முன்னரே, ஊரை நடந்து பார்த்து, மக்களை விசாரித்து, அவர்தம் தொழிலையும் உறவையும் அறியும் கட்டத்திலேயே தீர்மானிக்கப்பட்டன என்பதை உணர்த்துகிறது. அக்கட்டத்திற்கு வேண்டிய புவியியலும் வரலாறும் சமூகவியலும் கலைப்பீடத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. அவற்றைக் கற்கும் நாம் தேர்வு மண்டபத்தோடு அவ்வறிவை விட்டுவிடாது, நம் ஊர்களின் குளங்களையும் ஒழுங்கைகளையும் அங்கு வாழ்வோரையும் பற்றிய ஆய்வுகளை எழுதிவைத்தல் வேண்டும். நாளை அவ்வூருக்கு ஒரு திட்டம் வரும்போது, அதனை வரைவோரின் மேசையில் வரைபடத்தோடு அவ்வாய்வும் இருத்தல் அவசியமாகும்.