வருகைப் பதிவேட்டில் இல்லாதது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தங்கை மகள் உளவியல் படிக்கிறாள். போன வாரம் வந்தவள், ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க சமூக உளவியல் பேராசிரியரைப் பற்றிச் சொன்னாள். அன்றிலிருந்து அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது. அவருடைய சோதனையில் தண்டனை கொடுப்பவருக்கு அவர் வைத்த பெயர் 'ஆசிரியர்'.

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனை நடந்தது. நினைவாற்றல் ஆராய்ச்சி என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்தார்கள். சம்பளம் 4 டாலர், வண்டிச் செலவுக்கு 50 சென்ட். வந்தவர் 'ஆசிரியர்'. சுவருக்கு அந்தப் பக்கம் 'மாணவர்'. அவர் தப்பாக விடை சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். உண்மையில் மின்சாரமே போகவில்லை, மாணவராக இருந்தவர் நடித்தார். அது ஆசிரியராக உட்கார்ந்தவருக்குத் தெரியாது. 300 வோல்ட்டில் மாணவர் சுவரை இடித்தார். பிறகு விடையே வரவில்லை. ஆசிரியர் தயங்கினால், பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்டு நின்றவர் "தொடருங்கள்" என்பார்.

40 ஆண்களில் 26 பேர் 450 வரை போனார்கள். பிறகு 40 பெண்களை வைத்துச் செய்தபோதும் அதே 26. கோட்டு போட்டு நின்றவர் விஞ்ஞானி அல்ல, ஓர் உயர்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆசிரியர்! படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

மில்கிராம் 1984-ல், 51 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய கடிதங்கள், குறிப்புகள், ஒலிநாடாக்கள், கலந்துகொண்டவர்கள் எழுதிக் கொடுத்த பதில்கள் எல்லாவற்றையும் அவர் மனைவி யேல் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து படித்தார்கள். அச்சில் வராத பல விஷயங்கள் வெளியே வந்தன. கோட்டு போட்டவர் எழுதிக்கொடுத்த நான்கு வாக்கியங்களோடு நிற்கவில்லை, அதற்கு மேலும் வற்புறுத்தினார் என்று நாடாக்கள் சொல்கின்றன. அது வெறும் நாடகம் என்பதைப் பலரிடம் அன்றைக்கே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. முன்பே பழகிய இருவரை, நண்பரையோ உறவினரையோ, ஆசிரியராகவும் மாணவராகவும் உட்காரவைத்த ஒரு சோதனை. 20 பேரில் 3 பேர்தான் கடைசிவரை போனார்கள். 17 பேர் மறுத்துவிட்டார்கள். மில்கிராம் அதைத் தம் புத்தகத்தில் சேர்க்கவே இல்லை. காகிதங்கள் இருந்ததால் நமக்குத் தெரிகிறது.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மறுநாள் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். "வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிடுங்க டீச்சர்" என்றார் மேலே இருந்தவர். தயக்கமாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான்கு பிள்ளைகளிடம் சொன்னேன். மூன்று பேர் வரவில்லை. ஒருவன் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பையோடு உட்கார்ந்திருந்தான், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

பதிவேட்டில் நான்கு பேருக்கும் 'ஆப்சென்ட்' போட்டேன். என் கையெழுத்துதான். இன்று அந்தப் பதிவேட்டை யாராவது எடுத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள்தான் பள்ளிக்கு மட்டம் போட்டதாக நினைப்பார்கள்.

அவர்கள் எனக்கு யாரோ அல்ல. பெயர் தெரியும், வீடு தெரியும். மறுத்த அந்தப் 17 பேரில் நான் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, சம்பளத்தைப் பிடிக்கவும் இல்லை. சொன்னார்கள், செய்தேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கென்று காகிதப் பெட்டி எதுவும் இல்லை, இந்தப் பதிவுதான் இருக்கிறது. அந்த நான்கு பேரில் யாராவது இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் வராமல் இருக்கவில்லை. நான்தான் வரவிடவில்லை.

உங்களில் பலர் இன்று அதிகாரிகள், ஆசிரியர்கள். மேலே இருந்து ஒரு சொல் வரும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்